மொட்டை மாடியில் நட்சத்திரம் பழக: தினசரி காலண்டரும் நிலாவும் போதும்

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் அன்றைய நட்சத்திரம் அச்சிட்டிருக்கும். சந்திராஷ்டமம் பார்க்கவும் பிறந்தநாள் அர்ச்சனைக்கும்தான் பெரும்பாலும் அந்த வரியைப் படிக்கிறோம். அது நிலா இன்றைக்கு வானத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும் வரி. 'ரோகிணி' என்று போட்டிருந்தால் நிலா ரோகிணிப் பகுதியில் இருக்கிறது. மாடிக்குப் போய் நிலாவைச் சுற்றித் தேடினால் ரோகிணி நட்சத்திரம் கண்ணில் படும். புதிதாக வானம் பார்க்கத் தொடங்குகிறவருக்கு இதைவிட எளிய வழிகாட்டி கிடையாது. டெலஸ்கோப்பும் செயலியும் பிறகு வரட்டும்.

தாளைப் படிக்கும் முறை

வானத்தில் நிலா போகும் பாதை 27 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் 13 டிகிரி 20 நிமிட அகலம் (இங்கே நிமிடம் என்பது நேரம் அல்ல, ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு). நிலா ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய தன் அகலத்துக்கு, அதாவது அரை டிகிரி, கிழக்கே நகர்கிறது. அதனால் ஒரு பகுதியைக் கடக்கச் சுமார் ஒரு நாள் ஆகும்.

முதலில் கவனிக்க வேண்டியது நேரம். 'ரோகிணி மாலை 5.40 வரை, பின் மிருகசீரிடம்' என்று இருந்தால், இரவு 8 மணிக்கு நீங்கள் மாடி ஏறும்போது நிலா ரோகிணியைத் தாண்டிக் கிழக்கே போயிருக்கும். அப்போது நட்சத்திரத்தை நிலாவுக்கு மேற்கே தேட வேண்டும். 'இரவு 11 வரை' என்பது போல இருந்தால் அன்றைய மாலை நிலா அந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறது. அடுத்தது, உங்கள் காலண்டர் வாக்கியப் பஞ்சாங்கப்படியா, திருக்கணிதப்படியா என்று பாருங்கள். இரண்டுக்கும் சில மணி நேரம் வரை வித்தியாசம் வருவதுண்டு. வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் திருக்கணிதமே நெருக்கம், ஏனென்றால் அதன் கணக்கு இன்றைய வானியல் அளவீடுகளை ஒட்டியது.

நிலா எல்லா நட்சத்திரங்களையும் உரசிக்கொண்டு போவதில்லை. வெறும் கண்ணால் பழக ஐந்து பெயர்கள் நல்ல தொடக்கம்.

கார்த்திகை ஒரே நட்சத்திரம் அல்ல, நெருக்கமான சிறு கொத்து. இருட்டான ஊரில் வெறும் கண்ணுக்கு ஆறு புள்ளிகள் தெரியும். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் என்ற கணக்கோடு சரியாகப் பொருந்தும். நகரத்தில் மூன்று நான்கு தெரிந்தாலே பெரிது. அதற்குக் கிழக்கே, கையை நீட்டிப் பிடித்த முஷ்டியால் அளந்தால் ஒன்றரை முஷ்டிக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி, ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. புனர்பூசம் ஏறக்குறைய சம வெளிச்சமுள்ள இரட்டை. இரண்டுக்கும் இடையே மூன்று விரல் அகலம். மகம், அரிவாள் வடிவ நட்சத்திர வரிசையின் பிடியில் உட்கார்ந்திருக்கும். சித்திரை நீலம் கலந்த வெள்ளை. சுற்றுவட்டாரத்தில் வேறு பளிச்சென்ற நட்சத்திரம் இல்லாததால் குழப்பமே வராது.

ஆறாவதாகக் கேட்டையையும் சேர்க்கலாம், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. சிவந்த கேட்டை நட்சத்திரம் தன் பகுதியின் தொடக்க எல்லையிலேயே இருக்கிறது. எனவே தாளில் 'அனுஷம்' முடிந்து 'கேட்டை' தொடங்கும் நேரத்தில்தான் நிலா அதை நெருங்கும். கேட்டை என்று போட்ட மறுநாள் மாலை பார்த்தால் நிலா வெகுதூரம் போயிருக்கும்.

திருவாதிரை, சுவாதி, திருவோணம் மூன்றையும் இந்த முறையில் தேடாதீர்கள். மூன்றும் நிலாவின் பாதையை விட்டு விலகி நிற்பவை. சுவாதி பாதைக்கு வடக்கே மூன்று முஷ்டி தள்ளி இருக்கிறது. நெருங்கிப் போகும் நட்சத்திரங்களிலும் ஒவ்வொரு ஆண்டும் இடைவெளி மாறும். நிலாவின் பாதை 18.6 ஆண்டுச் சுழற்சியில் வடக்கும் தெற்குமாக அசைகிறது. அதனால் சில ஆண்டுகளில் மகத்தை நிலா அப்படியே மறைக்கும், சில ஆண்டுகளில் மூன்று நான்கு விரல் தள்ளிப் போகும்.

வளர்பிறையில் தொடங்குங்கள், நிலா மாலையிலேயே மேலே இருக்கும். தை, மாசி வளர்பிறையில் கார்த்திகை, ரோகிணி, புனர்பூசம் மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். சித்திரை, வைகாசியில் மகமும் சித்திரையும். ஆனி, ஆடியில் கேட்டை. பௌர்ணமி நாள் வேண்டாம். கார்த்திகை தீபத்தன்று நிலா கார்த்திகைக் கொத்தை ஒட்டித்தான் நிற்கும், ஆனால் அந்த வெளிச்சத்தில் கொத்து கரைந்துவிடும். நிலாவை வைத்து இடத்தை மனதில் குறித்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் கொத்து மட்டும் தனியாக இருக்கும்.

கையே அளவுகோல்

கையை முழுக்க நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி, நடு மூன்று விரல்கள் 5 டிகிரி, மூடிய முஷ்டி 10 டிகிரி, நன்றாக விரித்த சாண் 20 டிகிரிக்குச் சற்று மேல். குழந்தைகளுக்கு முஷ்டி சின்னது, கையும் குட்டை, எனவே கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். அடிவானத்திலிருந்து உச்சிக்கு ஒன்பது முஷ்டி. உங்கள் முஷ்டி ஒன்பதுக்கு முன்பே உச்சியைத் தொட்டுவிட்டால் முழங்கை மடங்கியிருக்கிறது என்று பொருள்.

நிலாவின் அகலம் அரை டிகிரிதான். சுண்டுவிரல் நுனியால் முழு நிலாவையும் மறைக்கலாம் என்பதை முதல் தடவை செய்து பார்ப்பவர்கள் நம்புவதில்லை. செய்து பாருங்கள்.

மாடியை இருட்டாக்குவது

தெருவிளக்கு நேரே கண்ணில் அடித்தால் எந்த நட்சத்திரமும் தெரியாது. ஊர் முழுக்க உள்ள வெளிச்சத்தை நம்மால் அணைக்க முடியாது. கண்ணில் நேராக விழுவதைத் தடுக்க முடியும். தண்ணீர்த் தொட்டியின் நிழல், மாடிப்படி அறையின் பின்பக்கம், துணி காயப்போடும் கொடியில் விரித்த போர்வை எதுவும் உதவும். மாடி விளக்கையும் படிக்கட்டு விளக்கையும் அணைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரின் உயரத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துவிட்டால் பாதி விளக்குகள் தானாகவே மறைந்துவிடும்.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒரே ஒரு தடவை வாட்ஸ்அப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரை மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள். விழித்திரையின் நடுப்பகுதி நிறத்துக்கானது, இருட்டில் அது ஏறக்குறைய குருடு. ஓரப்பகுதிதான் மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும்.

நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை அனல் விடும். படுக்கவும் முடியாது, மேலெழும் சூடான காற்றில் பைனாகுலரில் கோள்களும் நடுங்கும். கோடையில் ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் தெளித்து வைப்பது நல்லது. கொசுக் களிம்பு தடவினால் கையை நன்றாகத் துடைத்துவிட்டுப் பைனாகுலரைத் தொடுங்கள். சில களிம்புகளில் உள்ள டீட் என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி மாடியில் ஓரடிகூட நடக்காதீர்கள்.

எந்த இரவு, எந்த மாதம்

நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாளில், முன்னிரவு முழுக்க இருட்டு கிடைக்கும். தேய்பிறை சஷ்டியிலிருந்து வளர்பிறை மூன்றாம் பிறை வரை மங்கலான பொருள்களுக்கான நாட்கள். மீதி நாட்கள் நிலாவுக்கும் கோள்களுக்கும்.

நட்சத்திரங்கள் தினமும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும், மாதத்துக்கு 2 மணி நேரம். இன்று இரவு 9 மணிக்குத் தெரியும் வானம் அடுத்த மாதம் 7 மணிக்கே வந்துவிடும். பக்கத்து அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் மறைந்திருந்தால், அதே நேரத்துக்கு இரண்டு வாரம் கழித்து வாருங்கள். ஒன்றரை முஷ்டி மேற்கே நகர்ந்து வெளியே வந்திருக்கும்.

தமிழகத்தின் கிழக்குப் பகுதிக்குத் தை முதல் பங்குனி வரைதான் நம்பகமான காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை; ஆனால் மழை ஓய்ந்த மறுநாள் இரவைத் தவறவிடாதீர்கள். தூசி கழுவப்பட்ட அந்த வானம் தை மாதத்திலும் கிடைக்காது. மார்கழியில் பனி இறங்கும். லென்ஸில் படியும் ஈரத்தைத் துணியால் துடைத்தால் கீறல் விழும், வீட்டுக்குள் எடுத்துப் போய்த் தானாகக் காய விடுங்கள்.

வானம் எவ்வளவு இருட்டு என்று அளக்க மாசி மாதத்தில் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைப் பயன்படுத்துங்கள். நடுவில் வரிசையாக மூன்று, சுற்றிலும் நாற்கரமாக நான்கு. ஏழும் சுலபமாகத் தெரிந்தால் சாதாரண நகர வானம். மூன்றுக்குக் கீழே வாள்போல் தொங்கும் மங்கல் வரிசையும் தெரிந்தால் நல்ல வானம். அதன் நடுப்புள்ளி வெறும் கண்ணுக்கே புகைபோலக் கலங்கித் தெரிந்தால் அந்த மாடியை விடாதீர்கள். நட்சத்திர வெளிச்சத்தை எண்ணில் சொல்லும் இன்றைய அளவுமுறையை 1856இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். 5 படி வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு. அவர் 1861 முதல் 1891இல் இறக்கும் வரை சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்தார். அது இருந்த இடம் நுங்கம்பாக்கம்.

ஓரியனின் நாற்கரத்தில், தெற்கு நோக்கி நிற்கும்போது இடது மேல் மூலையில் சிவந்திருப்பது திருவாதிரை. நடு மூன்றின் கோட்டை இடது கீழாக நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ். வலது மேலாக நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகை.

தெற்கு வானம் நம் சொத்து

ஆங்கில வழிகாட்டிகள் எடுத்தவுடன் துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்லும். அவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டவை. துருவ நட்சத்திரத்தின் உயரம் நம் ஊரின் அட்சரேகைக்குச் சமம்: சென்னையில் 13 டிகிரி, கோவையில் 11, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய 10, நாகர்கோவிலில் 8. ஒரு முஷ்டி உயரத்தில் மரமும் கட்டடமும் மறைத்துவிடும். அதைத் தேடி மாலையை வீணாக்க வேண்டாம். வடக்கில் பார்க்க வேண்டியது சப்தரிஷி மண்டலம். சித்திரை, வைகாசி இரவு 9 மணிக்கு நல்ல உயரத்தில் இருக்கும். வால் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. கல்யாணத்தில் பகல் வெளிச்சத்தில் கையை மட்டும் காட்டிவிட்டு வருகிறோம். வைகாசி வரவேற்பு இரவில் உண்மையாகவே காட்டலாம். வாலின் வளைவை அப்படியே தொடர்ந்தால் சுவாதி, மேலும் தொடர்ந்தால் சித்திரை.

தெற்கில் நமக்குக் கிடைப்பது லண்டனில் கிடைக்காது, டெல்லியில் நம்மைவிட வெகு தாழ்வாகத்தான் இருக்கும். மாசியில் இரவு 9 மணிக்கு நேர் தெற்கே அகத்தியர் நட்சத்திரம், சென்னையில் இரண்டரை முஷ்டி உயரத்தில். சிரியஸுக்கு அடுத்தபடியாக வானத்தில் பிரகாசமானது அதுதான்.

தென்சிலுவைக்கு அஸ்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சித்திரைக்கு வலப்பக்கம் ஒன்றரை முஷ்டி தள்ளி, கோணலான நாற்கரமாக நான்கு நடுத்தர நட்சத்திரங்கள். அந்த நாற்கரம் நேர் தெற்கே வரும் நேரம்: ஏப்ரல் கடைசியில் இரவு 10, மே நடுவில் 9, மே கடைசியில் 8. அப்போது அதற்கு நேர்கீழே நாலு முஷ்டிக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கினால் சிலுவை செங்குத்தாக நிற்கும். சென்னையில் அதன் அடி 14 டிகிரியிலும் தலை 20 டிகிரியிலும். நாகர்கோவிலில் இரண்டுமே 5 டிகிரி கூடுதல். தெற்கே கடலோ வயலோ இருந்தால் சுலபம். நகர வெளிச்சம் தெற்கே இருந்தால் பைனாகுலர் வேண்டும். பலர் ஏமாறுவது பொய்ச்சிலுவையில். அது இதற்கு மேற்கே இருக்கிறது, பெரியது, மங்கலானது. உண்மையான சிலுவைக்கு இடப்பக்கம், அதாவது கிழக்கே, இரண்டு பளிச்சென்ற நட்சத்திரங்கள் அதை நோக்கிக் கை காட்டும். பொய்க்கு அந்த இரண்டும் இல்லை.

இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் சித்திரை நேர் தெற்கே வரும். அதற்கு நேர்கீழே மூன்றரை முஷ்டி இறங்கிப் பைனாகுலரை வையுங்கள். உருண்டையான பஞ்சு போன்ற ஒளித்திட்டு தெரியும். அதுதான் ஒமேகா சென்டாரி, பல லட்சம் நட்சத்திரங்கள் திரண்ட கோளக் கொத்து. பைனாகுலரில் தனித்தனியாகப் பிரியாது. ஓரம் கலங்கிய வட்டமாகத்தான் இருக்கும். அப்படித் தெரிந்தால் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

பைனாகுலர் வாங்குவதானால்

10x50 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். கை நடுங்குபவருக்கு 8x42 மேல். மடங்கை மாற்றும் ஜூம் பைனாகுலரும், முன் லென்ஸ் சிவப்பாகப் பளபளப்பதும் வேண்டாம். 525 மடங்கு என்று பெட்டியில் போட்டு விற்கும் குட்டி டெலஸ்கோப்பையும் தவிருங்கள். பயன்படக்கூடிய உச்ச மடங்கு, லென்ஸ் விட்டத்தின் மில்லிமீட்டரைப்போல் இரண்டு மடங்குதான். 60 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 120. அதற்கு மேல் பெரிதாவது மங்கல் மட்டுமே.

ஃபோகஸ் வைக்கும் வரிசை முக்கியம். வலது முன் லென்ஸை மூடியால் மறைத்து, இடது கண்ணால் ஒரு நட்சத்திரத்தை நடுச் சக்கரத்தால் புள்ளியாகக் கொண்டுவாருங்கள். பிறகு இடது லென்ஸை மறைத்து, நடுச் சக்கரத்தைத் தொடாமல் வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளைய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் இனி நடுச் சக்கரம் மட்டும் போதும். ஒரே நட்சத்திரம் இரண்டாகத் தெரிந்தாலோ ஐந்து நிமிடத்தில் தலை வலித்தாலோ இரு குழாய்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கடையில் மாற்றிக் கேளுங்கள்.

பத்து மடங்கு பெரிதாகும்போது கை நடுக்கமும் பத்து மடங்கு ஆகும். மல்லாந்து படுத்து, முழங்கைகளைத் தலையணையில் ஊன்றினால் குருவின் நான்கு பெரிய துணைக்கோள்களும் அதன் இருபுறமும் ஒரே கோட்டில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரியும். ஒன்றிரண்டு குறைந்தால் அவை குருவுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும், மறுநாள் வந்துவிடும். குருவைத் தேடவும் காலண்டர் உதவும்: குருப்பெயர்ச்சிப் பக்கத்தில் சொல்லும் ராசியில்தான் வானத்திலும் அது நிற்கும். மினுக்காமல் நிலையாக ஒளிர்வதுதான் கோளுக்கு அடையாளம். சனியின் வளையத்துக்குப் பைனாகுலர் போதாது, 30 மடங்காவது வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே கூடாது; நொடியில் பார்வை போகும்.

கடலோர ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதுதான் பைனாகுலரின் முதல் எதிரி. தோல் உறையில் வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடலாம்.

நிலாவும் எரிநட்சத்திரமும்

நிலாவில் பள்ளங்களைப் பார்க்கப் பௌர்ணமிதான் மிக மோசமான நாள், நிழலே இருக்காது. வளர்பிறை சப்தமி முதல் தசமி வரை, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். அங்கே சூரியன் அப்போதுதான் உதிக்கிறது, ஒவ்வொரு மேடும் நீண்ட நிழல் போடும். மூன்றாம் பிறையில் இருண்ட பகுதியும் சாம்பல் நிறத்தில் தெரிவது பூமியிலிருந்து திரும்பிப் போன வெளிச்சம். 2028 டிசம்பர் 31 இரவு முழு சந்திர கிரகணம்; உச்சம் இந்திய நேரப்படி 10.20 மணி அளவில். அன்று நிலா திருவாதிரைப் பகுதியில் இருக்கும். நிலா மங்கிச் சிவந்ததும், வழக்கமாகப் பௌர்ணமியில் கரைந்துபோகும் ஓரியன் முழுக்க வெளியே வரும்.

எரிநட்சத்திரத்துக்குப் பைனாகுலர் வேண்டாம், பாய் போதும். டிசம்பர் 13, 14 இரவில் வரும் ஜெமினிட் பொழிவுதான் நமக்குச் சிறந்தது, மழை மேகம் விட்டால். புனர்பூச இரட்டைக்கு அருகிலிருந்து அவை பிரிந்து வருவதுபோலத் தோன்றும். நள்ளிரவிலிருந்து மூன்று மணி வரை அந்த இடம் உயரத்தில் இருக்கும். அந்த இடத்தையே முறைத்துப் பார்க்காமல் அதிலிருந்து மூன்று நான்கு முஷ்டி தள்ளிப் பாருங்கள், அங்கேதான் கோடு நீளமாக விழும். ஆகஸ்டில் எல்லோரும் பேசும் பெர்சீட் பொழிவு நமக்கு வடக்கே தாழ்வாக இருக்கும், மேகமும் சேர்ந்துகொள்ளும். அதைவிட மே 5, 6 அதிகாலை 3.30 முதல் 5 மணி வரை கிழக்கு வானத்தில் வரும் பொழிவு மேல். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசி அது. எண்ணிக்கை குறைவு, ஆனால் வேகம் அதிகம், சிலது பின்னால் சில நொடிகள் தங்கும் ஒளித்தடத்தையும் விட்டுப் போகும்.